தராசில் பழுதில்லை, டிரைவர்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் வைத்து வேலை செய்யும் பெண்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டுச் சேதாரம் பார்ப்போம். தராசின் ஒன்பது முனை சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பிலிருந்து, அதை யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வழியாக எடை நேராகக் கணினிக்குப் போய்விடும். கையால் தட்டும்போது ஓர் எண் மாறினாலும், பாவம், யாரோ ஒருவர் கூலியில் பிடித்தம் விழும்.

போன மாதம் புதுக் கணினி வந்தது. அடாப்டரைச் செருகினால் திரையில் மஞ்சள் ஆச்சரியக்குறி மட்டும்தான், எடை வரவில்லை. உள்ளிருக்கும் பழைய சிப்புக்கு அதைத் தயாரித்தவர்களே புதிய டிரைவரில் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளில்) ஆதரவை நிறுத்திவிட்டார்கள். போலி சிப்களைத் தடுக்கவும் இப்படிச் செய்வதுண்டாம். சரி, தெரியாமல் வாங்கிய நாங்கள் என்ன செய்வது? அதே அடாப்டர் என் தம்பி மகனின் லினக்ஸ் இயங்குதள மடிக்கணினியில் உடனே வேலை செய்தது. அதன் கெர்னலிலேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே, டிரைவர் இருக்கிறது. ஆனால் எங்கள் கணக்கு மென்பொருள் அதில் ஓடாது.

ஆண்டுதோறும் முத்திரை வாங்கும் நல்ல தராசு இது. தூக்கிப்போட மனம் வரவில்லை. தயாரிப்பாளர்களே, அடாப்டர் பாக்கெட்டில் ‘யூஎஸ்பி டு சீரியல்’ என்று மட்டும் போடாமல், எந்தச் சிப், எந்த இயங்குதளம் வரை ஓடும் என்றும் அச்சிடுங்கள். பழைய டிரைவர்களை இணையதளத்திலிருந்து எடுக்காதீர்கள். இப்போதைக்கு ஒவ்வோர் எடையையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பேரேட்டில் எழுதுகிறேன்.

கொலுசுப் பட்டறைக் கணக்காளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.