காய்ச்சல் வந்தால் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மதுரையில் வீட்டுக்கு ஒருவர் சளியும் காய்ச்சலுமாகப் படுத்திருக்கும் இந்த வேளையில், சளிக்கான வீட்டு வைத்தியம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கருப்பட்டி போட்ட சுக்குக் காபி, துளசிச் சாற்றில் தேன், பனங்கற்கண்டு கலந்த பால் என்று அதில் சொல்லப்பட்டவை எல்லாம் எங்கள் வீட்டில் என் பாட்டி காலம் முதல் வழங்கி வருபவைதான். ஆனால் சர்க்கரை நோயாளிகள் அவற்றை எப்படி எடுத்துக்கொள்வது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் 17 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவன். கடந்த 4 ஆண்டுகளாக மாத்திரையோடு இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்பவன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலியில் சோறு இறங்கவில்லை. இரண்டு நாளும் கஞ்சியும் கருப்பட்டிச் சுக்குக் காபியுமாகக் கழிந்தன. சாயங்காலம் தெருமுனையில் நின்ற வண்டியில் என் மனைவி பருத்திப்பால் வாங்கி வந்தார். மதுரைக்காரர்களுக்குப் பருத்திப்பாலின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. சளி கட்டிய நெஞ்சுக்கு அதைவிட இதமான ஒன்றை நான் அறியேன். ஆனால் பருத்திக்கொட்டைப் பாலோடு அரிசி மாவும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சிய அது, ஒரு வேளைப் பலகாரத்துக்குச் சமம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. "சாப்பிடாத வயித்துக்கு ஊசி எதுக்கு? சர்க்கரை இறங்கிப் போச்சுன்னா என்ன செய்யுறது?" என்று மனைவி கேட்டதும் நியாயமாகவே பட, இரண்டு இரவும் இன்சுலினை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் நாக்கு வறண்டு, மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்க எழுந்து, எழுந்தபோதெல்லாம் தலை சுற்றவே, வீட்டுக் கருவியில் சோதித்தேன். 412 என்று காட்டியது. தேன் தொட்ட விரலாக இருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடியும் குத்திப் பார்த்ததில் 397.

"நீங்க சாப்பிடாட்டியும் ஈரல் சமைச்சுப் போட்டுக்கிட்டேதான் இருக்கும் சார்" என்றார் அன்று எங்களைப் பார்த்த மருத்துவர். கிருமியை எதிர்க்கும் உடம்பில் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புகள் மிகுந்து, அவற்றின் தூண்டுதலால் ஈரல் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. அதே சுரப்புகள் இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. எனவே பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டியதும் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியேற்றத் தொடங்க, அதோடு உடம்பின் தண்ணீரும் போய்விடுகிறது. காய்ச்சலின் அசதி என்று நான் நினைத்துப் படுத்திருந்ததில் பாதி இந்த வறட்சிதான். உணவு குறைந்தாலும் இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதித்து, வேண்டிய அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னபோது, 17 ஆண்டுகளில் இதை ஒருமுறைகூட நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

இதைக் கேட்டுவிட்டு, காய்ச்சல் வந்தால் எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. எங்கள் எதிர்வீட்டு அம்மா கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். காய்ச்சலில் காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல், மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கிவிட்டுப் படுத்தவர், பிற்பகலில் உடம்பெல்லாம் வியர்த்துப் பேச்சுக் குழறிக் கிடந்தார். சோதித்ததில் சர்க்கரை 48க்கு இறங்கியிருந்தது. இந்த வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டிருப்பது. நல்லவேளையாக அவரால் விழுங்க முடிந்ததால், மருமகள் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரில் தெளிந்துவிட்டார்.

இவை இரண்டிலும் சேராத மருந்துகளும் உண்டு. பலரும் சாப்பிடும் மெட்பார்மினை, வாந்தியும் பேதியுமாகத் தண்ணீர் வற்றிய நிலையில் தொடர்ந்தால், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் உண்டு என்பதால் சில நாள் நிறுத்தச் சொல்கிறார்கள். டாபாகிளிப்ளோசின் வகை இன்னும் சூட்சுமமானது. 2020இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு நம் ஊரில் மிகப் பரவலாக எழுதப்படும் இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. உணவில்லாத காய்ச்சல் நாளில் இதைத் தொடர்ந்தால், சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே உடம்பு கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் பெருகிவிடலாம். கருவியில் 190 என்று பார்த்து நிம்மதியாக இருக்கும்போதே வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சு வாங்குவதும் தொடங்கிவிடக்கூடும். ஒருவர் நிறுத்தக் கூடாதது, ஒருவர் குறைக்க வேண்டியது, ஒருவர் நிறுத்தியே ஆக வேண்டியது என்று ஆளுக்கு ஆள் மாறும்போது, எந்தச் செய்தித்தாளும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழியைச் சொல்லிவிட முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் மருத்துவர்களை நோக்கியது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் சர்க்கரை நோயாளியின் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் இந்த மாத்திரையை நிறுத்து, இந்த ஊசியைத் தொடர், இத்தனைக்கு மேல் போனால் உடனே வா என்று அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி தமிழில் எழுதித் தந்தால் போதும். வெளிநோயாளிகள் வரிசை எவ்வளவு நீளம் என்பது அரசு இராசாசி மருத்துவமனையில் நின்ற எனக்குத் தெரியும். எனினும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முந்தைய மாதத்தில் எழுதினாலே ஆகிவிடும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் பெண்கள், அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்து முதியவரையும் அது எட்டும்.

மருந்துக்கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. "மூணு வேளைக்குக் காய்ச்சல் மாத்திரை குடுங்க" என்று கேட்டால், பட்டையிலிருந்து கத்தரித்துப் பொட்டலமாகத் தருகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி ஒரு கடையில் எனக்குக் கொடுத்த பொட்டலத்தில் பாராசிட்டமாலோடு இருந்த சிறிய வெள்ளை மாத்திரை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என்பதை மருத்துவர்தான் கண்டுபிடித்தார். உடம்பு வலி மாயமாக மறைவதும் அதனால்தான், சர்க்கரை எகிறுவதும் அதனால்தான். 2021இல் கொரோனாவுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை நோய் பலரின் கண்ணைப் பறித்தபோது, கட்டுப்படாத சர்க்கரையும் அளவின்றிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டுமே அதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டதை நாம் அதற்குள் மறந்துவிட்டோம்.

இருமல் மருந்தின் இனிப்பை நினைத்து அஞ்சுபவர்கள் பலர். ஒரு கரண்டி மருந்தில் உள்ள சர்க்கரை அப்படியொன்றும் பெரிதல்ல. சர்க்கரை சேர்க்காத மருந்தும் கேட்டால் கிடைக்கிறது. அந்தப் பயத்தில் இருமல் மருந்தை ஒதுக்கிவிட்டு, 100 கிராமில் ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரையான தேனை மூன்று வேளையும் குழைத்துச் சாப்பிடுவதுதான் எனக்குப் புரிவதில்லை. கருப்பட்டி இல்லாத சுக்குக் காபியும், மிளகு தூக்கலான தூதுவளை ரசமும் தொண்டைக்கு அதே இதத்தைத் தருகின்றன. வாய்க்குத்தான் சற்று ஏமாற்றம். அதற்காக இனிப்பை முற்றிலும் விரட்டிவிடவும் கூடாது. வேறு எதுவுமே இறங்காத நாளில் அளவான கஞ்சியோ இட்லியோ வேண்டியதுதான், சர்க்கரை 70க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீரே மருந்து. கால் மரத்துப்போனவர்கள் சளிக்காக வெந்நீரில் கால் வைக்கும்போது, சூட்டை வேறொருவர் கையால் பார்த்துவிட்டு வைப்பது நல்லது. மேலூரில் என் உறவினர் ஒருவர், கொப்புளம் வந்ததை மறுநாள் காலையில்தான் கண்டார்.

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளச் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் ஆண்டுதோறும் மாற்றி அமைக்கப்படுகிறது; நான் இந்த ஆண்டு போட்டுக்கொண்டேன்.

தாங்கள் இனி வீட்டு வைத்தியக் குறிப்புகள் வெளியிடும்போது, இனிப்புச் சேர்ந்தவற்றின் அருகில் சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு வரி சேர்க்கும்படியும், மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நினைவு தடுமாறினாலோ காத்திராமல் 108ஐ அழைக்கலாம் என்பதையும் சந்தேகங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் இருப்பதையும் குறிப்பிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மருத்துவர் எனக்கு எழுதித் தந்த நான்கு வரியை அடுப்படி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதை இங்கே எடுத்து எழுதாததற்குக் காரணம், அது என்னுடைய மருந்துகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதுதான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருநகர், மதுரை.