பெட்டியைப் பிடிப்பது பசைதான், பாப்பா

காவேரிப்பட்டணம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

12 இஞ்ச் ஸ்பீக்கருக்கு நீயே பெட்டி செய்யப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. இத்தனை வருஷமாக மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். என் பிள்ளை கனடாவில் இருந்துகொண்டு மரப்பெட்டி செய்கிறது என்றால் சந்தோஷம் இருக்காதா? போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன், வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொள்.

எந்த ஸ்க்ரூ போட்டால் பெட்டி விடாமல் இருக்கும் என்று கேட்டாய். கண்ணு, பெட்டியை விடாமல் பிடிப்பது ஸ்க்ரூ இல்லை, பசை. பசை காய்கிற வரைக்கும் இரண்டு பலகையையும் அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும், அந்தக் கைதான் ஸ்க்ரூ. பலகையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் நிறைய இருந்தால் ஸ்க்ரூவே இல்லாமலும் பெட்டி செய்யலாம். பசை இல்லாமல் மட்டும் செய்யாதே.

நீ ஏழாவது படிக்கும்போது மாரியம்மன் திருவிழாவில் நம்ம செட் பாதி ராத்திரியில் நின்றுபோனது ஞாபகம் இருக்கா? ரெடிமேடாக வாங்கின இரண்டு பெட்டி அது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் கர்ர்ரென்று ஒரு இரைச்சல். ஸ்பீக்கரின் கோன், அதாவது உள்ளே அதிர்கிற கூம்பு, கிழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் பெட்டியின் பக்கப் பலகை ஓரமாகக் கையை வைத்துப் பார்த்தேன். மூலையில் ஒரு இடத்தில் விரலில் காற்று புஸ்ஸென்று அடித்தது, ஒவ்வொரு அடிக்கும். மறுநாள் பிரித்தால் உள்ளே பசை ஒரு சொட்டுகூட இல்லை. எல்லாம் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ, அதிலும் நாலைந்துக்குத் தலையே இல்லை. அந்த ஸ்க்ரூ ஜிப்சம் போர்டை மாட்டுவதற்காகச் செய்தது. கடினமாக இருக்கும், ஆனால் வளையாது, முறிந்துவிடும். ராத்திரி முழுக்க அதிர்கிற பெட்டிக்கு அது ஆகாது. விலை குறைவு என்று அங்கேயும் யாராவது கையில் கொடுத்தால் வாங்காதே.

நீ படம் அனுப்பிய, தலையில் சதுர ஓட்டை உள்ள ஸ்க்ரூ நல்ல ஸ்க்ரூ. அது உங்கள் ஊர்க்காரர் ராபர்ட்சன் என்பவர் 1908 வாக்கில் கொண்டுவந்ததாம். முறுக்குகிற பிட் வழுக்காது, பிளஸ் குறி மாதிரி இருக்கிற ஸ்டார் தலை போல பிய்ந்துபோகாது. 18 மில்லி பிளைவுட்டுக்கு 8 நம்பரில் 2 இஞ்ச் நீளம் வாங்கு. உடம்பு முழுக்க மரை இல்லாமல், தலைக்குக் கீழே கொஞ்சம் மொழுமொழுவென்று இருக்கிறதாகப் பார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. இதில்தான் பலபேர் கோட்டை விடுவது. மேல் பலகையில் மரை பிடித்துவிட்டால், ஸ்க்ரூ இரண்டு பலகையையும் அப்படியே இடைவெளியோடு பிடித்து நிறுத்திவிடும். எவ்வளவு முறுக்கினாலும் சேராது. அதனால் மேல் பலகையில் நாலரை மில்லி ஓட்டை, ஸ்க்ரூ தடையில்லாமல் நுழையணும். கீழே உள்ள பலகையின் ஓரத்தில் 3 மில்லி ஓட்டை, அங்கேதான் மரை பிடிக்கணும். அப்போதுதான் தலை மேல் பலகையை இழுத்துக்கொண்டு போய் அழுத்தும். மூலையிலிருந்து 2 இஞ்ச் தள்ளி முதல் ஸ்க்ரூ, அப்புறம் 6 இஞ்சுக்கு ஒன்று. பசை தடவுவதற்கு முன்னாடியே எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துக் கழற்றிவிடு.

எம்டிஎஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, வாங்குவதாக இருந்தால் ஓட்டை போடாமல் ஸ்க்ரூ இறக்கவே இறக்காதே. ஓரம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிளந்துகொள்ளும். அதன் ஓரம் பசையையும் குடித்துவிடும். முதலில் லேசாகத் தண்ணீர் கலந்த பசையை ஒரு கை தடவி, அது உள்ளே இறங்கின பிறகு இன்னொரு கை தடவிச் சேர்க்கணும். என்னைக் கேட்டால் பிளைவுட்தான்.

உன் தாத்தா பாலக்கோட்டில் தச்சு வேலை செய்த காலத்தில் வஜ்ரம்தான் பசை, மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கிறது. பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, தண்ணீரைக் கொதிக்கவிட்டு உருக்குவார். தெருவே நாறும். ஆனால் அவர் ஒட்டின தேக்கு ரேடியோப் பெட்டி இன்னும் நம்ம பரண்மேல் இருக்கிறது, ஒரு மூலைகூடப் பிரியவில்லை. நான் ஃபெவிகால் எஸ்எச் போடுகிறேன். நீ காட்டின டைட்பாண்ட் மஞ்சள் பசையும் அதே ஜாதிதான். வீட்டுக்குள் வைக்கிற பெட்டிக்கு அதில் ஒன்றாம் நம்பரே போதும்.

இங்கே சித்திரை வெயிலில் பசை தடவித் திரும்புவதற்குள் ஆடை கட்டிவிடும். உனக்கு அதற்கு நேர்மாறான கஷ்டம். கராஜில் வைத்து ஒட்டப் போவதாகச் சொன்னாயே, வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்தப் பசை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பொரிந்துவிடும், பிடிப்பே இருக்காது. பலகையையும் பசை பாட்டிலையும் முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வை. ஒட்டின பிறகும் ஒரு நாள் முழுக்க உள்ளேயே இருக்கட்டும்.

ஸ்க்ரூ முறுக்கும்போது இணைப்பு நெடுக பசை சின்னச் சின்ன முத்தாக வெளியே வரணும். வராத இடத்தில் பசை போதவில்லை. உள்பக்கம் வந்ததை விரலால் இழுத்து மூலையில் தேய்த்துவிடு, காற்று அடைபடும். வெளிப்பக்கம் ஈரத்துணியால் துடைக்காதே, பாலிஷ் போடும்போது திட்டுத் திட்டாகத் தெரியும். அரை மணி நேரம் விட்டு உளியால் சுரண்டினால் நாடா மாதிரி வந்துவிடும்.

ஸ்பீக்கரை மட்டும் மர ஸ்க்ரூவில் மாட்டாதே. இரண்டு தடவை கழற்றி மாட்டினால் ஓட்டை லூஸாகிவிடும். பெட்டியை மூடுவதற்கு முன்னாடியே முன்பலகையின் உள்பக்கம் டி நட், அதாவது பற்களால் மரத்தைக் கவ்விக்கொள்கிற நட், அடித்து வை; போல்ட்டை அதில் முறுக்கு. முறுக்கும்போது கோன்மேல் ஒரு அட்டையை வைத்துக்கொள். எனக்கு ஒருமுறை காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுத்து, 15 இஞ்ச் கோனில் நேராகக் குத்திவிட்டது. அன்றைக்கு வந்த கூலி கோனை மாற்றி ரீகோன் செய்யவே போய்விட்டது.

எல்லாம் முடிந்ததும் பேஸ் பாட்டு ஒன்றைப் போட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்பு ஓரமாக மெதுவாக நகர்த்து. எங்கே புகை துடிக்கிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. போர்ட், அதாவது காற்று போய்வர வைக்கிற குழாய் ஓட்டை, பக்கத்தில் துடித்தால் பயப்படாதே, அங்கே காற்று வரத்தான் செய்யும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னாடி நாலு மூலையையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. டி நட் அங்கேயும் கிடைக்கும்தான், இருந்தாலும் அம்மா அனுப்புகிற மாங்காய் ஊறுகாய் பார்சலில் எட்டு டி நட்டும் 5 மில்லி போல்ட்டும் போட்டிருக்கிறேன். ஊறுகாய் ஒழுகினாலும் படாதபடி தனிக் கவரில் கட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா