உன் மகனை அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். மதினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அடுத்த ஆண்டு எங்கள் நாயனக் குழுவோடு உன் மகனையும் தவிலுக்கு அழைத்துச் செல்ல முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் இங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது தெரியாமல் அவன் வந்து இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகையால் நேற்றைய பொழுதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். அவனையும் படிக்கச் சொல்.

நாங்கள் இப்போது ஜெர்மனியில் ஹம் என்னும் ஊரில், காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குச் செய்த கோயில் இது. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைப் பக்கம் கோபுரம் நிற்கிறது. அடியார் ஒருவரின் வீட்டு மாடியில் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் இடியாப்பமும் சொதியும் வந்துவிடுகின்றன. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்று மதினியிடம் சொல்.

இங்கே முதல் சங்கடம் சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சிதான். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதுமே அப்படித்தான். தாமிரபரணிக் கரையில் இருட்டோடு எழுந்து ஊதிப் பழகியவனுக்கு இது வாயைக் கட்டிப்போட்டதைப் போல இருக்கிறது. எனவே நாயனத்தின் ஊதுவாயான சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் குழலான உலவில் விரல்களை மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன். நம் தவில்காரரோ மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, தவிலுக்கென்று மாட்டும் விரல்கூடு இல்லாத வெறும் விரல்களால் தாளச் சொற்கட்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டுச் சிறுமி அவரை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, தலையணை என்ன தப்புச் செய்தது என்று கேட்டாள்.

அடுத்தது சீவாளி. திருவாவடுதுறையிலிருந்து வாங்கிவந்த சீவாளிகளில் பாதிக்கு மேல் இங்கே வந்து கெட்டுவிட்டன. நம் ஊர்ப் புழுக்கத்தில் எச்சில் ஈரம் பட்டதும் இணங்கி வரும் நாணல், இந்த உலர்ந்த குளிர்காற்றில் விறைத்துக்கொள்கிறது. ஊதத் தொடங்கினால் முதலில் காற்றுதான் வருகிறது. அப்புறம் திடீரென்று ஒரு கீச்சொலி. விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தால் முடியளவுக்குக் கீறல் ஓடியிருக்கும். ஈரத்துணியில் சுற்றி ஒரு சிறு டப்பாவில் வைத்துக்கொண்டு, புறப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பழக்குகிறேன். தவிலின் பாடும் இதுவேதான். வெயில் அடித்தால் வலப்பக்கத் தோலான வலந்தலை இறுகி, தட்டினால் தகரம்போலக் கேட்கிறது. பத்து நிமிடம் தூறினால் இடப்பக்கத் தோலான தொப்பி தொய்ந்துவிடுகிறது. தோல் வாரால் இழுத்துக் கட்டிய காலத்துத் தவிலாக இருந்தால் என்ன செய்திருப்போமோ, இரும்பு வளையமும் திருகாணியும் வந்ததால் பிழைத்தோம். உன் மகன் வருவதானால் மாற்றுத் தோல்களும் ஸ்பேனரும் அவன் பையிலேயே இருக்க வேண்டும். அவற்றை இங்கே தேடிக்கொண்டு அலைய முடியாது. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள். சீவாளி குத்தும் யானைத் தந்த ஊசி உங்கள் வீட்டில் பெரியவர் காலத்தது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆசையாக எனக்குக் கொடுத்தனுப்பிவிடாதே. தந்தத்தை எல்லை கடத்துவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

நேற்றுக் காலைப் பூசைக்கு வாசித்துவிட்டு, சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டை இராகத்தில் மல்லாரி எடுத்தோம். வசந்த மண்டபத்திலிருந்து வெளி வீதிக்கு வரும்வரை பாட்டு என்று ஒரு வரி கிடையாது. தத்தகாரம் என்னும் தாள அசைகளும் தவிலும் மட்டும்தான். நம் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டும்போது கெட்டிமேளம், மற்ற நேரத்தில் சினிமாப் பாட்டு, அதுவும் செண்டை மேளத்துக்காரர்கள் வந்துவிட்டால் ஓரமாக ஒதுங்கி நிற்பது என்று ஆகிவிட்ட பிறகு, மல்லாரியை மூன்று கால வேகத்திலும் முழுதாக வாசிக்கும் இடம் எத்தனை மிச்சம் இருக்கிறது, சொல். இங்கே கேட்கிறவர்கள் ஏமாறுகிறவர்கள் அல்லர். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்தவர்கள் முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்து தாளம் போடுகிறார்கள். தாளக் கோவையை முடிக்கும் தீர்மானத்தில் ஒரு மாத்திரை நழுவினாலும் அந்தக் கை நின்றுவிடும். திருநெல்வேலிப் பக்கம் என்று சொன்னதும் ஒரு பெரியவர், "காருகுறிச்சிக்குக் கிட்டவோ?" என்று கேட்டார். அந்த ஊர் நாயன மேதை அருணாசலம் 1964-இல் மறைந்தவர். இன்னும் இந்த மனிதர் அவருடைய இசைத்தட்டைப் பற்றி நேற்றுக் கேட்டதுபோலப் பேசுகிறார். அப்படிப்பட்டவர் முன்னால் சீவாளியை வாயில் வைக்கக் கொஞ்சம் நடுக்கமாகவே இருந்தது என்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பிற்பகலில் தூக்கம் கிடையாது. இரண்டு மணி நேர இடைவெளியில் குளித்து, வேட்டி உலர்த்தி, வீட்டுக்குப் பேசி முடிப்பதற்குள் மாலைப் பூசை வந்துவிடுகிறது. இந்த மாலைப் பொழுதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கோடையில் இங்கே சூரியன் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் மறைகிறது. சாயரட்சை என்னும் அந்த மாலைப் பூசைக்குப் பூர்விகல்யாணி இராகத்தை எடுக்கிறேன். வெளியே உச்சிப்பொழுதுபோல வெயில் அடிக்கிறது. அம்மனைத் தூங்கவைக்கும் பள்ளியறைப் பூசைக்கு நீலாம்பரி இராகம் வாசிக்கும்போது கூடப் பிள்ளைகள் பட்டப்பகல் வெளிச்சத்தில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இராகத்துக்கு வேளை என்று நம் ஆசிரியர் வகுத்துக் கொடுத்ததைச் சூரியனைப் பார்த்து வைத்துக்கொள்வதா, பூசையைப் பார்த்து வைத்துக்கொள்வதா என்று யோசித்தேன். பூசைதான் என்பது என் முடிவு. அம்மனுக்குத் தூக்கம் வந்தால் நமக்கு நீலாம்பரிதான். நீ மறுப்பாய் என்று தெரியும், எழுது.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஊரில் முகூர்த்த மாதத்தில் வருவதைவிடக் கூடுதல்தான். ஆனால் விசாவுக்கும் பயணத்துக்கும் அலைந்த நாள்களில் விட்ட வாசிப்புகளைக் கழித்தால், கடன் அடைக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே அதற்காக மட்டும் அவனை அனுப்பாதே.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அவனுக்குக் கை நன்றாகப் பேசுகிறது, வேகமும் இருக்கிறது. ஆனால் தார்ச்சாலையில் வெறுங்காலோடு தவிலைச் சுமந்து நான்கு மணி நேரம் நின்று வாசித்து, அதற்குப் பிறகும் ரக்தி என்னும் நீண்ட உருப்படிக்குத் தெம்பு வைத்திருப்பது கல்யாண மேடையில் வருவதில்லை. இங்கே தேர் முடிந்த பிறகு அங்கே நெல்லையப்பருக்கு ஆனித் தேர் வருகிறது. அந்தப் பத்து நாளும் அவனைக் கோயில் மேளத்தோடு இரண்டாம் தவிலாக நிற்க வை. சம்பளம் கேட்க வேண்டாம். நான்கு ரத வீதியும் நடந்து வரட்டும். ஐப்பசித் திருக்கல்யாணத்திலும் அவ்வாறே செய்யட்டும். கார்த்திகையில் நான் உன் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அவனோடு ஒரு மல்லாரியும் ஒரு பல்லவியும் வாசித்துப் பார்க்கிறேன். அதற்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடு; பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வை.

வலந்தலைத் தோலுக்கு இப்போது என்ன விலை சொல்கிறார்கள் என்றும் பதிலில் எழுது. திரும்பும்போது இரண்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நாயனக்காரன்