ஃப்ரீசரைக் காத்தவர்களுக்கு

மின்தடையில் எங்கள் ஆய்வக ஃப்ரீசர்கள் நின்றுபோனாலும், பழங்கால மனிதரின் தடயம் தேட அவற்றில் உறையவைத்திருந்த குகை மண் பத்திரமாக இருக்கிறது. விசாரித்துக்கொண்டே இருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்.

டீசலுக்கு அலைந்தவர்கள், ஜெனரேட்டர் தந்த பக்கத்துத் துறை, டிரை ஐஸ் அனுப்பியவர்கள், நைட்ரைல் கையுறையோடு பொட்டலங்களை இடம் மாற்றிய மாணவர்கள், அத்தனை பேருக்கும் நன்றி. வெறுங்கை பட்டிருந்தால் தோலின் கொலஸ்ட்ராலும் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருளும் மண்ணில் ஏறியிருக்கும்.

இரவுக் காவலர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. யாரும் கேட்காமலே அவர் எப்போதோ ஒவ்வொரு ஃப்ரீசரிலும் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருந்தார். கரண்ட் போனதும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ‘திறக்காதீர்கள்’ என்று எழுதிவிட்டார். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். பாதி காலி என்றால் ஒரு நாள்தான். கடைசியில் திறந்தபோது எல்லா டம்ளரிலும் நாணயம் பனிக்கட்டியின் மேலேயே கிடந்தது. பனி உருகியிருந்தால் அது அடியில் போயிருக்கும். மைனஸ் 20 டிகிரியிலேயே இருந்ததா என்பதை நாணயம் சொல்லாது. ஆனால் மண் இளகவில்லை என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி எங்களிடம் இல்லை.

அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மனிதக் குடலின் பாக்டீரியா கொலஸ்ட்ராலைக் கோப்ரோஸ்டனால் என்ற மூலக்கூறாக மாற்றும். மண்ணின் நுண்ணுயிரிகளோ பெரும்பாலும் 5-ஆல்ஃபா-கொலஸ்டனால் என்ற வேறொரு மூலக்கூறாக மாற்றும். இரண்டின் கூட்டுத்தொகையில் கோப்ரோஸ்டனாலின் பங்கு 0.7-ஐத் தாண்டினால் மலத்தின் தடயம் என்று எடுத்துக்கொள்வோம். ஈரமண் இளகிக் கிடந்தால் நுண்ணுயிரிகள் மறுபடி வேலையைத் தொடங்கும், அந்தப் பங்கு சரியும், மனிதர் வாழ்ந்த அடுக்கு ஆளில்லாத அடுக்கு போலத் தோன்றும். புல் மேயும் விலங்கின் சாணத்துக்கு 5-பீட்டா-ஸ்டிக்மாஸ்டனால் என்ற மூலக்கூறு அடையாளம். பித்த அமிலங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளா, ஆடா, பன்றியா என்று பிரிக்க முடியும்.

எத்தியோப்பியாவின் பாலே மலையில், 3,469 மீட்டர் உயரத்து ஃபின்ச்சா ஹபேரா என்ற பாறைக் குடைவில், 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் தங்கியிருந்ததை 2019-இல் அறிவித்தார்கள். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெரிய மோல் எலியைச் சுட்டுத் தின்ற எலும்புகள், அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கருவிகள் இவற்றோடு மண்ணின் மலத் தடயங்களும் அங்கே பேசின. எலும்பு மக்கிப்போன குகையில் அந்த மூலக்கூறுகள் மட்டுமே மிஞ்சக்கூடும். ஒருமுறை தோண்டிய அடுக்கைத் திரும்பத் தோண்டவும் முடியாது.

ஐயா, இனி எந்த அடுக்கின் மண் வந்தாலும் இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியை உடனே உறைநிலையிலேயே வெற்றிடத்தில் உலர்த்தி, 450 டிகிரியில் சுட்ட அலுமினியத் தாளில் மடித்து வேறு கட்டடத்தில் வைப்போம். ஈரமில்லாத மண் மின்தடையை எளிதாகத் தாங்கும். மறுபாதி வழக்கம்போல உங்கள் பார்வையில்தான் இருக்கும்.