பேட்டரி தீர்ந்த காது மெஷினும் வாரம் ஒருநாள் டீச்சரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மருத்துவ முகாம் செய்தியை உங்கள் இதழில் படத்தோடு பார்த்தேன். காது மெஷின், மூன்று சக்கர வண்டி, பின்னால் வரிசையாகப் பெரிய மனிதர்கள். முகாமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மெஷின் கிடைக்காததாலேயே ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் படம் எடுத்து முடித்த பிறகு என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நான் அரசு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி வருடங்களில் என் வகுப்பில் ஒரு பையன், இரண்டு காதும் சரியாகக் கேட்காது. முகாமில் மெஷின் கொடுத்தார்கள். இரண்டு வாரம் போட்டுக்கொண்டு வந்தான், அப்புறம் காணோம். கேட்டால் சிரிப்பான். எங்கேயோ போட்டு உடைத்துவிட்டான் என்று நானே முடிவு கட்டி இரண்டு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் அம்மா வந்து, “பேட்டரி தீந்துபோச்சு டீச்சர், நம்ம ஊர்க் கடையில கிடைக்கல” என்றார். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி, தினமும் போட்டால் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். கொடுத்தவர்களும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

சரி, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறாரே என்பீர்கள். வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருநாள் வருவார், சில வாரம் அதுவும் இருக்காது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொகுப்பூதியம், பஸ் மாறி மாறிப் பல பள்ளிகள், போதாததற்குப் பள்ளிக்கு வர முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் அவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். 2024இல் ஒன்றிய அரசும் மாநில அரசும் கல்வி நிதிக்காக மல்லுக்கட்டியபோது இவர்கள் சம்பளமும் சேர்ந்து தள்ளாடியது. அவர் வந்ததும் பையனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார், நான் உள்ளே மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவேன். அவன் அவருடைய பொறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் மழை. வராந்தாவில் சாரல் அடித்ததால் அவரும் உள்ளே வந்து பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து என் பாடத்தை முழுக்கக் கவனித்தார். முடிந்ததும் தயங்கித் தயங்கி, “அக்கா, நீங்க போர்டைப் பார்த்துக்கிட்டே பேசறீங்க” என்றார். இத்தனை வருட சர்வீசில் எந்த அதிகாரியும் எனக்குச் சொல்லாத விஷயம்! அன்றிலிருந்து முதலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் திரும்பி நின்று முகம் தெரியப் பேசினேன். கடகடவென்று ஓடும் ஃபேனுக்கு அடியிலிருந்து அவனை முன்வரிசைக்கு மாற்றினேன், ஏனென்றால் மெஷின் என் குரலோடு ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குமாம். அவ்வளவுதான், பைசா செலவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் வடமாநிலக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியும் அந்த வகுப்பில் இருந்தாள். நான் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்த பிறகு அவளுக்கும் தமிழ் சீக்கிரம் பிடிபட்டது.

“ஒருத்தனுக்காக மற்ற முப்பது பேர் படிப்பைக் கெடுக்கவா?” என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து ஒரே அறையில் மூன்று நிலைக்கும் சொல்லிக்கொடுக்கப் பழகியவர்கள்தானே நாம், இதுவும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளப் பதிவுகளையும் பார்த்துக்கொண்டு இதையும் தனியாகச் செய் என்றால் நடக்காது. கூட ஆள் வேண்டும்.

அந்த ஆளைத்தான் உச்ச நீதிமன்றமும் கேட்கிறது. தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் கொண்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது அதன் 2021 தீர்ப்புக்குப் பிறகு 2022இல் ஒன்றிய அரசு ஏற்ற கணக்கு. பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது. எங்கள் ஊர் போன்ற இடங்களில் ஒரு பள்ளியில் பத்துப் பேர் சேர மாட்டார்கள், இரண்டு பேர்தான் இருப்பார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மூன்றைச் சேர்த்து ஒருவரை நிரந்தரமாகப் போடுங்கள், அவரை வராந்தாவில் இல்லாமல் வகுப்புக்குள் உட்காரவையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் கதி இன்னும் மோசம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. பல வீடுகளில் பிள்ளைக்குக் குறைபாடு இருப்பது தெரியவருவதே தேர்வு நெருங்கும்போதுதான், அப்புறம் சான்றிதழுக்கு அலைச்சல். மூன்றாம் வகுப்பிலேயே எழுத்தைப் புரட்டிப் புரட்டி எழுதியவனை ‘சோம்பேறி’ என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தவர்கள் நாங்கள்தான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்கு நிருபரை அனுப்பினால், மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளின் பள்ளிக்கும் அவரை ஒருமுறை அனுப்புங்கள். மெஷின் காதில் இருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
தென்காசி மாவட்டம்