இறுக்க இறுக்கக் கசியும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த்தொகுதி) பக்கம் எண்ணெய் வழிந்து கருகியிருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் தீய்ந்த வாடை வருகிறது என்றாயே, அது அங்கிருந்துதான். வால்வ் கவர் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பட்டை, போயிருக்கிறது. பட்டறையில் கேட்டால் டேப்பட் கவர் பேக்கிங் என்பார்கள். நாலைந்து மணி நேர வேலை, நீயே செய்துவிடலாம். ஆனால் கசிவைப் பார்த்ததும் போல்ட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

இந்தக் காலத்துக் கார்களில் பலவற்றுக்கு அந்தக் கவர் அலுமினிய வார்ப்பு அல்லது பிளாஸ்டிக். உன் பழைய வண்டியில் அது அச்சில் அழுத்திய மெல்லிய இரும்புத் தகடு. போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் துளையைச் சுற்றித் தகடு கீழே குழிந்துவிடும். குழிந்த இடத்தில் அடியில் இருக்கும் கார்க் பேக்கிங் நசுங்கிப் பிளக்கும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் விளிம்பு மேலே வளையும், எண்ணெய் அந்த வழியாக வரும். இன்னும் இறுக்கினால் இன்னும் வளையும். அதனால் புது பேக்கிங் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது, தகட்டை நேராக்க வேண்டும். பாதிப் பேர் இதை விட்டுவிட்டு, பேக்கிங் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

கழற்றுவதற்கு முன் கசிவு மேலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள். மேலே கசியும் எண்ணெய் என்ஜினின் பின்புறமாக இறங்கி, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க எண்ணெய் சீல் போய்விட்டது போல ஏமாற்றும். முழுவதும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கவர் விளிம்பைச் சுற்றி டால்கம் பவுடர் தூவி, கால் மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார். ஈரக்கோடு தொடங்கும் மிக உயரமான இடம்தான் குற்றவாளி.

அடுத்தது பிரீதர், அதாவது என்ஜின் மூச்சுவிடும் வழி. என்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேற வழியில்லை என்றால் எந்த பேக்கிங்கும் நிற்காது. பிசிவி வால்வ் (உள்ளே சேரும் காற்றை என்ஜினே மறுபடி உறிஞ்ச விடும் வால்வ்) இருக்கும் வண்டியானால், வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வாய்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வை. லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. தூக்கி எறிந்தால் பிசிவி வால்வோ குழாயோ அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிசிவி இல்லாத இன்னும் பழைய என்ஜினில் வெறும் பிரீதர் குழாய்தான் இருக்கும். அதற்குள் கெட்டித்த கசடு இல்லையா என்று பார்த்தால் போதும்.

வாங்க வேண்டியவை: பேக்கிங் ஒன்று, போல்ட் அல்லது நட்டுக்குக் கீழே வரும் ரப்பர் வாஷர்கள் (பழசை மறுபடி போடாதே, கெட்டித்துப்போன வாஷர் வழியாகவும் எண்ணெய் வரும்), கான்டாக்ட் பசை, பிரேக் கிளீனர், பிளாஸ்டிக் சுரண்டி, நூல் உதிராத துணி. பேக்கிங்கில் வெறும் கார்க், ரப்பர் கலந்த கார்க், வார்ப்பு ரப்பர் என்று கிடைக்கும். தகட்டுக் கவருக்கு ரப்பர் கலந்த கார்க்தான் என் தேர்வு. சிறு மேடுபள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும், சுருங்குவதும் குறைவு. வெறும் கார்க் கடையில் பல வருஷம் கிடந்தால் காய்ந்து சுருங்கி, துளைகள் பொருந்தாது. இழுத்துப் பொருத்தாதே, கிழியும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் பழைய நீளத்துக்கு வரும். பிறகு ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டுப் போடு.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகே கை வை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. பிளக் வயர்களுக்கு டேப் ஒட்டி எண் எழுது. கவரைத் தூக்கும் முன்பே அதன் வெளிப்புறத்தைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் அந்த மண் எல்லாம் ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) மேல் விழும். போல்ட்டுகளின் நீளம் மாறலாம். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வை. கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டு. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதே. அந்த ஒரு கீறல் போதும், மறுபடி கசிய.

ஹெட்டை (கவர் உட்காரும் என்ஜின் மேல்பகுதியை) சுத்தம் செய்யும்போது எண்ணெய் இறங்கும் துளைகளைத் துணியால் அடைத்துவிடு. எத்தனை துண்டு வைத்தாய் என்று எண்ணி எழுதி வை, எடுக்கும்போது எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். பழைய கார்க்கைச் சுரண்டி எடு. வார்ப்பிரும்பு ஹெட் என்றால் பிளேடு போடலாம், அலுமினியத்தில் பிளாஸ்டிக் மட்டும். டிரில்லில் மாட்டும் தேய்ப்பு வட்டை எதற்கும் எடுக்காதே. அதிலிருந்து உதிரும் பொடி எண்ணெயோடு போய் பேரிங்குகளைத் தின்றுவிடும். கடைசியாக பிரேக் கிளீனரில் நனைத்த துணியால், துணியில் கறை ஒட்டாமல் போகும் வரை துடை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

இனி தகடு. ஸ்டீல் ஸ்கேலை விளிம்பின் மேல் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) விட்டுப் பார். அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கார்க்கை நம்பி விடமாட்டேன். விளிம்பின் வெளிப்புறத்தைத் தடித்த கட்டையில் அணைத்துவைத்து, பேக்கிங் உட்காரும் பக்கத்தில் புடைத்திருக்கும் துளை ஓரங்களைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கு. நாலு தட்டு, ஒரு ஸ்கேல், மறுபடி நாலு தட்டு. பொறுமையாகச் செய். வார்ப்பு அலுமினியக் கவர் என்றால் சுத்தியல் வேண்டாம், வெடித்துவிடும்.

ஒட்டுவது கவர் பக்கத்தில் மட்டும். கவரிலும் பேக்கிங்கிலும் மெல்லியதாகப் பசை தடவி, விரலில் ஒட்டும் பதம் வந்ததும் சேர்த்து, சமதளத்தில் கவிழ்த்துப் பாரம் வை. ஹெட் பக்கம் பசை கூடாது. காய்ந்ததாக விடு, அல்லது கிரீஸ் ஒரு பூச்சு போதும். வால்வ் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் விட வேண்டிய சந்து) பார்க்க இந்தக் கவரை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒவ்வொரு முறையும் புது பேக்கிங்தான். (இப்போது திறந்திருக்கும்போதே அந்த இடைவெளியையும் அளந்துவிடேன்.)

டியூபில் வரும் சிலிக்கான் அடைப்புப் பசையைக் கண்டபடி பிதுக்காதே. கேம் ஷாஃப்ட் மேலே இருக்கும் என்ஜின்களில் அரைவட்ட அடைப்பான்களின் மூலைகளிலும், டைமிங் கவரும் (டைமிங் செயினை மூடும் மூடி) ஹெட்டும் சேரும் கோட்டிலும் ஒரு சிறு பொட்டு, அவ்வளவே. அதிகமானது உள்பக்கம் பிதுங்கி, நூலாக அறுந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். ரப்பர் பேக்கிங்கில் தடவினால் அது சோப்புபோல வழுக்கி, இறுக்கும்போது வெளியே ஓடிவிடும். எண்ணெய் தாங்கும் என்ஜின் சிலிக்கானாகப் பார்த்து வாங்கு. வினிகர் வாடை அடிக்கும் குளியலறைச் சிலிக்கான் இதற்கு ஆகாது.

போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் விரலால் திருகு. பேக்கிங் எங்கும் நகரவில்லை என்று பார்த்துவிட்டு, நடுவில் தொடங்கி இருபுறமும் மாறி மாறி, மூன்று சுற்றில் இறுக்கு. எவ்வளவு இறுக்க வேண்டும் (டார்க்) என்பதற்கு உன் வண்டியின் மேனுவலில் இருக்கும் எண்தான் கணக்கு. தகட்டுக் கவருக்கு அது பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். பழைய மேனுவல்களில் இன்ச் பவுண்டு என்று போட்டிருப்பார்கள்: 40 இன்ச் பவுண்டு ஏறக்குறைய 4.5 நியூட்டன் மீட்டர். அதையே ஃபுட் பவுண்டு என்று வாசித்துவிட்டால் 54 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும், போல்ட் அறுந்து ஹெட்டுக்குள் தங்கும். சிறிய டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் ராட்செட்டின் கைப்பிடியைத் தொடாமல் தலையைப் பிடித்துத் திருகு, கை தானாகவே அடங்கும். நடுவில் இரண்டு நட் மட்டும் இருக்கும் கவர் என்றால் இன்னும் கவனம்; நடுப்பகுதி அமுங்கி இரண்டு முனையும் தூக்கிக்கொள்ளும். சுற்றிலும் போல்ட் உள்ள கவருக்கு அழுத்தத்தைப் பரப்பும் நீளப் பட்டை வாஷர்கள் கிடைத்தால் வாங்கிப் போடு.

சிலிக்கான் வைத்திருந்தால் ஒரு நாள் முழுக்கக் காயவிடு, இல்லாவிட்டால் உடனே ஓட்டலாம். முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் மேனிஃபோல்ட்டில் மிச்சமிருக்கும் எண்ணெய் புகையும், பயப்படாதே. ஆனால் பக்கத்திலேயே நில். என்ஜின் ஒருமுறை சூடாகி முழுக்க ஆறியதும், கார்க்காக இருந்தால் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அதே அளவுக்கு ஒரே ஒருமுறை சரிபார். அதற்கப்புறம் ஸ்பேனரைப் பெட்டியில் வைத்துப் பூட்டு.

பசை தடவுவதற்கு முன், ஸ்கேல் வைத்த விளிம்பை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா