லினக்ஸ் வகுப்பு எடுக்குற ஆசிரியர்களுக்கு: பேக்கேஜ் பேரை முழுசா சொல்லிக் குடுங்க

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

சிங்கப்பூர்ல சாயங்கால வகுப்புல லினக்ஸ் சொல்லித் தர்ற எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். உங்ககிட்ட வர்றவங்கள்ல பலபேரு துவாஸ்லயோ சாங்கிலயோ ஷிஃப்ட் முடிச்சு எம்ஆர்டி புடிச்சு நேரா வகுப்புக்கு வர்றவங்க, அரசாங்கம் படிப்புக்குத் தர்ற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை இதுக்குன்னே செலவு பண்றவங்க. அவங்களுக்குக் குடுக்குற நோட்ஸ்ல "அபாச்சி இன்ஸ்டால் பண்ணவும்"னு ஒத்தை வரி போட்டா எப்படி? உபுண்டு, டெபியன்னு சொல்ற லினக்ஸ் வகைகள்ல இந்த வெப் சர்வரோட பேக்கேஜ் பேரு, அதாவது இன்ஸ்டால் பண்ற மென்பொருள் தொகுப்போட பேரு அபாச்சி2, இன்னொரு வகையான ரெட்ஹேட் பக்கம் அதே சாமான் ஹெச்டிடிபிடி. உபுண்டுல படிச்சிட்டு ரெட்ஹேட் இருக்கற கம்பெனிக்குப் போறவரு முதல் நாளே முழிக்கணும்.

கமாண்ட் பேரே பேக்கேஜ் பேரா இருக்கும்னும் நம்பிடறாங்க. வெப்சைட் பேருக்கு அட்ரஸ் தேடுற டிக் கமாண்ட் வேணும்னா டெபியன்ல பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ், ரெட்ஹேட் வகையைச் சேர்ந்த ஃபெடோரால பைண்ட்-யூட்டில்ஸ். இதெல்லாம் மனப்பாடம் பண்ற விஷயமில்ல, எது எந்த பேக்கேஜ்ல இருக்குன்னு தேடுற கமாண்டான டெபியனோட ஆப்ட்-ஃபைல் சர்ச், ரெட்ஹேட்டோட டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் ரெண்டையும் காட்டிட்டா அவங்களே தேடிக்குவாங்க.

எனக்கு உண்மையிலயே பயமா இருக்கறது ரிமூவ் பண்ற எடம்தான். டெபியன்ல பேக்கேஜைப் போடவும் எடுக்கவும் இருக்கற ஆப்ட்-கெட் கமாண்ட்ல நீங்க குடுத்த பேர்ல பேக்கேஜ் இல்லாம, அந்தப் பேர்ல புள்ளியோ நட்சத்திரமோ இருந்தா அதை பேட்டர்னா எடுத்துக்கிட்டு, பேருக்கு நடுவுல பொருந்துற பேக்கேஜைக்கூட சேர்த்துப் புடிக்கும். 2020ல வந்த ஆப்ட் 2.0லேர்ந்து அதோட புது வடிவமான ஆப்ட் கமாண்ட் இப்படிப் பேருக்கு நடுவுல பொருத்திப் புடிக்கறதை நிறுத்திடுச்சு, ஆனா ஸ்கிரிப்ட்ல எல்லாரும் எழுதுறது இன்னும் ஆப்ட்-கெட்தானே. நட்சத்திரத்தை கொட்டேஷனுக்குள்ள போடலேன்னா அந்த ஃபோல்டர்ல பொருந்துற ஃபைல் பேரை, கமாண்டை வாங்கி ஓட்டுற ஷெல்லே மாத்திப் போட்டுடும், அது வேற. இன்ஸ்டால் கமாண்ட்லயே பேருக்குக் கடைசில ஒரு ஹைஃபன் ஒட்டிக்கிச்சுன்னா அந்த பேக்கேஜை எடுத்துடும், இதை எந்த நோட்ஸ்லயும் நான் பாத்ததில்ல! வெர்ஷன் குடுக்கறதுக்கு ஆப்ட்ல ஈக்வல், டிஎன்எஃப்ல ஹைஃபன், ரெண்டையும் மாத்திப் பழகினவங்களுக்கு இங்கதான் கை தடுமாறும்.

2024 மார்ச் கடைசில ஃபைலைச் சுருக்குற எக்ஸ்இசட் மென்பொருள்ல பிரச்சினை வந்துச்சு, 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் பேக்டோர், அதாவது வெளியாள் உள்ள வர்ற திருட்டு வழி. அன்னைக்கு சர்வரை செக் பண்றவங்களுக்கு வெறும் எக்ஸ்இசட்னு தெரிஞ்சா பத்தாது, டெபியன்ல எக்ஸ்இசட்-யூட்டில்ஸ், அதோட லைப்ரரி லிப்எல்இசட்எம்ஏ5, ஃபெடோரால எக்ஸ்இசட்-லிப்ஸ்னு பேரு பேரா பாக்கணும், வெர்ஷனோட.

அதனால அடுத்த பேட்ச் ஆரம்பிக்கறதுக்குள்ள நோட்ஸ்ல ஒவ்வொரு பேக்கேஜுக்கும் டெபியன் பேரு, ரெட்ஹேட் பேரு ரெண்டும் போடுங்க. எதை ரிமூவ் பண்ணச் சொன்னாலும் முதல்ல ஆப்ட்-கெட்டுக்கு ஹைஃபன் எஸ், டிஎன்எஃப்புக்கு அஸ்யூம்நோ போட்டு என்னென்ன போகும்னு லிஸ்டைப் படிக்க வைங்க, அதுக்கப்புறம் யெஸ் தட்டட்டும். பேரு பட்டியல் போட நேரமில்லேன்னா சொல்லுங்க, நான் உக்காந்து எழுதித் தர்றேன்.